வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஜன்னலோரம் வேணும்னாலும் வாங்க, எனக்கு ரெண்டும் ஒன்னுதான். அந்த ஃபைலை மட்டும் மடியிலயே வெச்சுக்குங்க. மேல வெச்சா கவுந்தப்பாடி தாண்டறதுக்குள்ள கீழ வந்து விழும். இவன் ஓட்டற ஓட்டு அப்படி.

இன்டர்வியூவுக்குங்களா? நெனைச்சேன். சட்டையில இஸ்திரி மடிப்பு ஒடையக்கூடாதுன்னு நெட்டுக்குத்தலா உக்காந்திருக்கறீங்க பாருங்க, அதுலயே தெரியுது. எங்க, ஈரோட்டுலயா? சித்தோட்டுலயா, சரி சரி. நல்லபடியா நடக்கட்டும். கூப்பிட்டாங்கள்ல, அதைச் சொல்லுங்க. வேலை கெடைக்கறது அப்புறம். கூப்பிடறதே இப்பப் பெரும்பாடா இருக்குதுங்க. எனக்குத் தெரியாதா அது? நான் பட்டது கொஞ்சமா நஞ்சமா.

எனக்கில்லீங்க, எம்புள்ளைக்கு. எனக்கெதுக்கு இனிமே இன்டர்வியூ. நான் நாச்சிமுத்து. கோபியில ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர்ச்சந்துல டிடிபி கடை வெச்சிருக்கேன். பத்திரம் அடிக்கறது, ஜெராக்ஸு, லேமினேஷன், எல்லாம் உண்டு. ஆனா நம்ம கைக்குன்னு ஒரு பேரு இருக்குதுங்க, அது கல்யாண பயோடேட்டாவுக்கு. பேரு, படிப்பு, ஒயரம், அப்பா அம்மா தொழிலு, கூடப் பொறந்தவங்கன்னு ஒரு பக்கத்துல அடிச்சு, ஜாதகத்தோட வெச்சுக் குடுப்போம் பாருங்க, அதுதான். தாளவாடியில இருந்தெல்லாம் பஸ்ஸேறி வருவாங்க. நாச்சிமுத்து கடையில அடிச்சா தட்டாம முடியும்னு தரகருங்களே சொல்லுவாங்க. நானாச் சொல்லிக்கறது இல்லீங்க இது.

ஒரே புள்ளைங்க எனக்கு. மோகனப்பிரியா. பெருந்துறைப் பக்கம் ஒரு காலேஜ்ல எலெக்ட்ரானிக்ஸ் முடிச்சா. கெட்டிக்காரி. அவங்கம்மா இவ பத்தாவது படிக்கறப்பவே தவறிட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க ரெண்டே பேருதான். காத்தால நான் சட்னி அரைப்பேன், அவ தோசை சுடுவா. சாயங்காலமானா கடைக்கு வந்து, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல ஒரு ஸ்டூல் கெடக்குது, அதுல உக்காந்துக்குவா. அதிகம் பேசமாட்டா. ஆனா பக்கத்துல ஒரு ஆளு இருக்குதுங்கறது ஒன்னு இருக்குது பாருங்க. இருக்கறப்ப அது தெரியறதில்லைங்க.

படிப்பு முடியற வருசம் காலேஜுக்குக் கம்பெனிக்காரங்க வந்தாங்க. அந்த வருசம் எல்லாப் பக்கமும் ஆளெடுப்புக் கம்மி. வந்தவங்களும் நாலு பேரை எடுத்துட்டுப் போய்ட்டாங்க, அதுல இவ இல்லை. சரி, இனி நாமளே தேடிக்கலாம்னு வீட்டுக்கு வந்துட்டா. வேலை தேடறதுக்கு ஒரு பயோடேட்டா அடிச்சு வெச்சிருந்தா. நான் வாங்கிப் பாத்தேன். மொட்டையா இருக்குதுங்க. பேரு, படிப்பு, என்னென்ன சாப்ட்வேர் தெரியும், ஒரு புராஜெக்ட்டு. அவ்வளவுதான். இந்தப் புள்ளை யாரு, எந்தக் குடும்பம், ஒன்னுமே இல்லை. அதைப் பாத்துட்டு எவன் நம்பிக் கூப்பிடுவான்?

'அப்பா, இப்பல்லாம் இப்படித்தான் போடறது'ன்னா. 'அம்மிணி, ஒங்கப்பனுக்கு இதுதான் தொழிலு, எங்கிட்ட விட்டுரு'ன்னேன். விட்டுட்டா. அப்பனை நம்பற புள்ளைங்க அவ.

நான் பொறுமையா உக்காந்து அடிச்சேன். தகப்பனார் பேரு, சொந்தத் தொழில். சொந்த வீடு. ஒரே வாரிசு. ஒயரம். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. அமைதியான சுபாவம். நட்சத்திரம் ராசியெல்லாம் போடலைங்க, அந்தளவுக்கு வெவரமில்லாதவன் இல்லை நான். போட்டோவுக்கு, அவ அத்தை மகன் கல்யாணத்துல பட்டுச்சேலை கட்டி ஸ்டுடியோக்காரன் எடுத்தது ஒன்னு இருந்துச்சு, லட்சணமா. அதைப் போட்டேன். கீழ, தொடர்புக்குன்னு எடத்துல என்ற நம்பரு, அவளுது இல்லை.

பின்ன? பொட்டப்புள்ளை நம்பரைக் கொண்டுபோய்க் கண்ட கண்ட எடத்துல போடுவாங்களா? அந்த வேலை தேடற வெப்சைட்டு இருக்குது பாருங்க, அதுல யாரு வேணும்னாலும் பாக்கலாம். எத்தனை பேரு எப்படியோ. இத்தனை வருசத்துல நான் அடிச்ச ஒரு பயோடேட்டாவுலயும் பொண்ணு நம்பரு இருந்ததில்லைங்க. அப்பா நம்பரு, இல்லைன்னா மாமா நம்பரு. அதானே முறை.

இருந்த வெப்சைட்டு அத்தனையிலயும் கடைக் கம்ப்யூட்டர்ல இருந்து நானே ஏத்தினேன். வீட்ல அவ போன்ல தட்டித் தட்டி ஒவ்வொரு கம்பெனிக்கா அனுப்பிட்டு இருப்பா. எதுல தட்டினாலும் நான் ஏத்துனதுதான் போகும், அப்பன் அடிச்சதாச்சேன்னு அவ தொறந்துகூடப் பாக்கலை.

கால் வந்துச்சுங்க! அதை ஏன் கேக்கறீங்க. ஆவணியில மொதோ கால். ஒரு பொண்ணு, நல்ல தன்மையான குரலு. 'மோகனப்பிரியாகிட்டப் பேசலாங்களா?'ன்னுச்சு. 'நான் அவ அப்பா பேசறேன், சொல்லுங்க'ன்னேன். பெங்களூருக் கம்பெனியாம். நான் விடுவனா? ஆபீஸ் எந்த எடத்துல, பொட்டப்புள்ளைங்க எத்தனை பேரு வேலை செய்யறாங்க, நைட் ஷிப்டு உண்டா, மொதலாளி நம்ம பக்கத்து ஆளா வடக்கயா, ஒவ்வொன்னாக் கேட்டேன். அந்தப் புள்ளை சிரிச்சுட்டு, 'சார், கேண்டிடேட்கிட்ட ஒரு பத்து நிமிசம் பேசணும் சார், அவ்வளவுதான்'னுச்சு. 'பேசலாம் பேசலாம், அதுக்கென்னங்க அவசரம். வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்'னேன். வெச்சுருச்சு.

நீங்க சின்ன வயசு, உங்களுக்குத் தெரியாது. மொதோ போன்லயே ஈன்னு பல்லைக் காட்டிச் சரின்னுட்டம்னா எதிராளி நம்மளை எளக்காரமா நெனைச்சுப்போடுவான். என்னமோ வேற எடம் அமையாமக் கெடந்த மாதிரி. கலந்து பேசிட்டுச் சொல்றோம்னு ஒரு வார்த்தை சொல்லோணும். நெசமா வேணும்னா அவங்களே திருப்பிக் கூப்பிடுவாங்க. ரெண்டாவது தடவை கூப்பிடறவன்தான் காரியக்காரன்.

ஒருத்தனும் கூப்பிடலைங்க! அவினாசி ரோட்டுல ஒரு கம்பெனி, மெட்ராசுல கிண்டிக்காரங்க, நொய்டாவோ என்னமோ ஒன்னு, அப்புறம் ஒசூர்க்காரர் ஒருத்தரு பாவம் தமிழ்லயே பொறுமையாப் பேசினாரு. எல்லாருக்கும் மரியாதையாத்தான் பதில் சொன்னேன். தை முடியற வரைக்கும் ஒருத்தனாவது ரெண்டாவது தடவை கூப்பிட்டானா? இல்லை. அவ்வளவு போட்டி தம்பி. ஒரு வேலைக்கு ஆயிரம் பேரு நிக்கறான், நம்ம வூட்டுக்கு ரெண்டாவது போன் போட அவனுக்கு எங்க நேரம்.

அவகிட்ட ஒன்னையும் சொல்லலைங்க நான். எடம் திகைஞ்சு முடிவான பின்னாடிதானே பொண்ணுகிட்டச் சொல்றது. முன்னாடியே சொன்னா ஆசை வெச்சுக்குவா, அப்புறம் தட்டிப்போச்சுன்னா மனசு ஒடஞ்சு போயிரும். அந்த வெசனம் என்னோட போகட்டும்னு இருந்துட்டேன். தாயில்லாத புள்ளை பாருங்க.

டிக்கெட்டா, எடுத்தாச்சுங்க கண்டக்டரு. இந்தத் தம்பிக்கு சித்தோடு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆமா, அவ. காத்தால எந்திரிச்சதும் போனை எடுத்துப் பாப்பா. தோசை சுடறப்ப அடுப்புத் திட்டுல வெச்சுக்குவா. குளிக்கப் போனா வாசப்படியில வெச்சுட்டு, 'அப்பா, அடிச்சாச் சத்தம் போடுங்க'ம்பா. அது அடிக்காது. டவர் கெடைக்கலையோன்னு மொட்டை மாடியில போய் நிப்பா. ஒரு நாளு, 'அப்பா, என் நம்பருக்கு ஒரு போன் பண்ணிப் பாருங்கப்பா, வேலை செய்யுதான்னே தெரியலை'ன்னா. பண்ணினேன். அடிச்சுது. 'நல்லாத்தானே வேலை செய்யுது அம்மிணி'ன்னேன். 'ம்'னுட்டு உள்ள போய்ட்டா. அன்னைக்கு மத்தியானந்தான் கிண்டிக்காரங்க நான் கடையில இருக்கறப்பக் கூப்பிட்டிருந்தாங்க, நானும் முறையா பதில் சொல்லிட்டு வந்திருந்தேன்.

சரி, புள்ளை சோர்ந்து போகக்கூடாதுன்னு நான் ஒன்னு பண்ணினேன். தெனமும் கடையில இருந்து அவளுக்கு ஒரு போன் போடுவேன், கம்பெனிக்காரன் மாதிரி. 'ஹலோ, மோகனப்பிரியா இருக்காங்களா?'ம்பேன், குரலைக் கட்டிக்கிட்டு. 'குட் மார்னிங் சார், மோகனப்பிரியா பேசறேன் சார்'ம்பா. அந்தக் குரலைக் கேக்கோணும் நீங்க! வீட்ல பேசற குரலில்லைங்க அது. தெளிவா, நிமிந்து, ரேடியோவுல பேசற மாதிரி. 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ம்பேன். சொல்லுவா. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சிருவோம். நானும் நாலு புத்தி சொல்லுவேன். வாயில எதையாவது மென்னுட்டுப் பேசாதே. லைன் கட்டானா நீயே திருப்பிக் கூப்பிடு, ரெண்டு தடவை கூப்பிடு, அதுக்கு மேல கூப்பிட்டா அவசரக்காரின்னு நெனைச்சுக்குவாங்க, இப்படியெல்லாம். எல்லாத்துக்கும் சரிங்கப்பான்னு தலையாட்டுவா. இப்ப நெனைச்சாலும் அதுதாங்க எனக்கு நல்ல காலம்.

தை வந்துச்சு. பொங்கலுக்குக் கூடப் படிச்ச புள்ளைங்கல்லாம் ஊருக்கு வந்திருந்தாங்க, கழுத்துல கம்பெனி அட்டையோட. இவ வெளிய தலை காட்டலை. ஒரு நாளு அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டுக் கேக்கறா, 'அப்பா, ஒருத்தருகூடவா கூப்பிடமாட்டாங்க? நான் அவ்வளவு மோசங்களாப்பா?' நேரம் வந்தாத் தானா அமையும் அம்மிணின்னேன். எத்தனையோ பெத்தவங்களுக்குச் சொன்னதுதான், எம்புள்ளைக்கும் சொன்னேன்.

அப்புறம் மாசியில ஒரு நாளுங்க. நான் பேக்கரிக்கு டீ குடிக்கப் போய்ட்டேன், போன் கடையில சார்ஜ்ல கெடந்துச்சு. திரும்பி வந்தா இவ என்ற போனைக் கையில வெச்சுட்டு நிக்கறா. ஒசூர்க்காரரு கூப்பிட்டிருக்காரு! பாத்தீங்களா, ரெண்டாவது தடவை! எனக்குச் சந்தோசம் தாங்கலை. 'என்ன அம்மிணி சொன்னாரு?'ன்னேன். 'பழைய லிஸ்ட்டுல பேரைப் பாத்துச் சும்மா கேக்கலாம்னு கூப்பிட்டாராம்ப்பா, அந்த வேலைக்கு அப்பவே ஆள் எடுத்துட்டாங்களாம். உங்க அப்பா கலந்து பேசிட்டுச் சொல்றம்னாரு, சொல்லவே இல்லையேம்மான்னு கேட்டுச் சிரிக்கறாரு'ன்னா.

போனை எம்பக்கமாத் திருப்பிக் காட்டினா. அப்புறம், 'இது எனக்கு வந்த போனுப்பா'ன்னா. 'உனக்கு வந்ததுதான் கண்ணு, இல்லைன்னு யாரு சொன்னா, அதான் நான் பேசிட்டு இருக்கேன்ல'ன்னேன். 'இன்னும் யாராரு கூப்பிட்டாங்க?'ன்னு கேட்டா. நான் ஒன்னையும் மறக்கலைங்க, பெங்களூர்க்காரங்கள்ல இருந்து ஒவ்வொன்னாச் சொன்னேன். அப்பன் சும்மா இல்லை, எத்தனை பேருகிட்டப் பேசியிருக்கான்னு அவளுக்கும் தெரியட்டுமே. ஸ்டூல்ல உக்காந்துட்டா. கம்ப்யூட்டர்ல அந்த பயோடேட்டாவைத் தொறந்தா. தொறந்து, அந்தப் பட்டுச்சேலை போட்டோவையே பாத்துட்டு இருந்தா.

அப்பத்தாங்க எனக்கு விசயம் புரிஞ்சுது. போட்டோ! அந்தப் போட்டோவைப் போட்டது அவளுக்குப் புடிக்கலை. சேலை கட்டினா வயசு கூடத் தெரியுதுன்னு முன்னயே ஒரு தடவை சொல்லியிருக்கறா. நான்தான் மறந்துட்டேன்.

அடுத்த வாரமே மெட்ராசுக்குக் கெளம்பிட்டா. கூடப் படிச்ச ஹேமலதான்னு ஒரு புள்ளை வேளச்சேரியில லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்குது, அதுகூடத் தங்கிக்கறேன்னுட்டா. பஸ் ஏத்தி விட்டேன். 'நேரத்துக்குச் சாப்பிடுங்கப்பா'ன்னா. அவ்வளவுதான். அங்க போனதுல இருந்து என்ற போனை எடுக்கறதில்லைங்க. அடிச்சுட்டே இருக்கும், எடுக்க மாட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, நல்லாருக்கேன்னு ஒரு மெசேஜ் வரும். நல்லாருக்கேன். அதையே எத்தனை தடவை படிக்கறது சொல்லுங்க. ஒரு போட்டோவுக்கு இத்தனை கோபமாங்க? அந்தப் போட்டோவை எடுத்துப்போட்டு, சுடிதார் போட்டது ஒன்னை மாத்திட்டேன் அம்மிணின்னு மெசேஜும் போட்டேன். அதுக்குப் பதிலே இல்லை.

ஆமாங்க, போட்டோவைத் தவிர அந்த பயோடேட்டா இன்னும் அப்படியேதான் இருக்குது. அவ வேற புதுசா ஒன்னு போட்டுக்கிட்டாளாம். ஆனா பழசைப் பாத்துட்டு எப்பவாச்சும் ஒருத்தன் இன்னும் கூப்பிடறான். எம்புள்ளை இப்ப மெட்ராசுல இருக்குதுன்னு சொல்லுவேன். நம்பர் கேப்பாங்க. அதெப்படிங்க குடுக்கறது, முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு? இருந்தாலும் நல்லபடியா நாலு வார்த்தை பேசிட்டுத்தான் வெப்பேன். எனக்கும் இப்ப வேற யாருங்க போன் பண்றா.

வேலை இன்னும் அமையலைங்க. அந்த ஹேமலதா புள்ளைதான் எப்பவாச்சும் எங்கிட்டப் பேசும். போற எடத்துலயெல்லாம், படிச்சு முடிச்சு இத்தனை நாளா சும்மா இருந்திருக்கீங்களே, ஏன்னு கேக்கறாங்களாம். இவளுக்குப் பதில் சொல்ல வரலையாம். என்ன பண்றது, காலம் அப்படி இருக்குது.

வீடுதான் தம்பி. தோசைமாவு ஆட்டினா மிஞ்சிப்போய்ப் புளிக்குது. ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆட்டறதுன்னே எனக்குப் புடிபடலை. கடையில அந்த ஸ்டூல்ல யாராச்சும் வந்து உக்காந்தாங்கன்னா எனக்கு எரிச்சலா வருது, எந்திரிங்கன்னு சொல்லவும் முடியலை. ஈரோட்டுல பேப்பர் வாங்கப் போறேன்னு சொல்லிக்கிட்டு வாரா வாரம் இந்தப் பஸ் ஏறிடறேன். பேப்பரு கோபியிலயே கெடைக்குதுங்க.

சும்மா ஏறலை. ஒரு காரியமாத்தான். உங்ககிட்ட ஒன்னு கேக்கட்டுங்களா? தப்பா நெனைக்காதீங்க. உங்க போனைச் சித்தெ குடுங்க. ஒரே நிமிசம். உங்களுக்கும் போன் வரும்னு வெச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். சுருக்கா முடிச்சுத் தந்தர்றேன். ஊருக்குள்ள கேட்டா நாச்சிமுத்துக்கு என்னாச்சுன்னு பேசுவாங்க. பஸ்ஸுல போறவங்களுக்கு நான் யாரோ தானுங்களே. போன வாரம் ஒரு டீச்சரம்மா குடுத்தாங்க. அதுக்கு முந்தின வாரம் ஒரு மிலிட்டரிக்காரரு.

தெரியாத நம்பருன்னா எடுப்பாளுங்க. உடனே எடுப்பா. ஹேமலதாதான் சொல்லுச்சு, சாப்பிட்டுட்டு இருந்தாலும் கையைக்கூடக் கழுவாம ஓடறாளாம், கம்பெனியில இருந்தா இருக்கும்னு. நான் பேசமாட்டேன். பேசினா வெச்சுருவா. அவ பேசறதைக் கேட்டாப் போதும் எனக்கு. நானே நம்பரை அடிச்சுக்கறேன், அப்புறம் அழிச்சுத் தந்தர்றேன். பொட்டப்புள்ளை நம்பரு, பாருங்க.

அடிக்குது. சத்தம் போடாதீங்க.

கேட்டீங்களா! 'குட் மார்னிங் சார், மோகனப்பிரியா பேசறேன் சார்.' நான் சொன்னேன்ல, ரேடியோ மாதிரி! இருங்க இருங்க, பேசறா. 'ஹலோ, சார், கேக்குதுங்களா சார்? ஒரு நிமிசம் சார், நான் வெளிய வந்து பேசறேன், வெச்சுராதீங்க சார்.' படியெறங்கி ஓடியாறா, மூச்சு வாங்குது பாருங்க. பாத்துப் போ அம்மிணின்னு வாய் வரைக்கும் வருது. ம். போதும். வெச்சுட்டேன்.

நல்லாருக்கறா தம்பி. சளி கிளி ஒன்னும் இல்லை. குரல் நல்லா நிமிந்திருக்குது. இந்த ஒரு வாரம் எனக்கு ஓடிரும்.

இந்தாங்க போனு. அழிச்சாச்சு. ஏந்தம்பி அப்படிப் பாக்கறீங்க? அதோ, சித்தோடு வந்துருச்சு, எந்திரிங்க, ஃபைலை மறந்துறாதீங்க.

அடிக்குதா? அவதான். எடுக்காதீங்க தம்பி, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன். எடுத்து என்னன்னு சொல்லுவீங்க? விடுங்க, தானா நின்னுரும். பாத்தீங்களா, நின்னுருச்சு.

மறுபடியும் அடிக்குது. அடிக்கட்டும், விடுங்க. இதோட அடிக்காது. ரெண்டு தடவைக்கு மேல கூப்பிட மாட்டா தம்பி, அது நான் சொல்லிக் குடுத்தது.